பட்டை வரைபடத்தில் அச்சின் அளவை மாற்றினால் என்ன ஆகும்? புதியவர்களுக்கு ஒரு செய்முறை வழிகாட்டி

பட்டை வரைபடம் வரைவது இன்று பெரிய வேலையே இல்லை. எண்களை விரிதாளில் (எக்ஸெல் போன்ற மென்பொருளில்) போட்டு ஒரு பொத்தானை அழுத்தினால் படம் வந்து நிற்கிறது. ஆனால் அந்தப் படத்தின் ஓரத்தில் பொடி எழுத்தில் இருக்கும் எண்கள் எங்கே தொடங்குகின்றன, எங்கே முடிகின்றன என்று பெரும்பாலோர் கவனிப்பதில்லை. பட்டைகள் நமக்கு என்ன சொல்லப்போகின்றன என்பது அங்கேதான் முடிவாகிறது. அதே நான்கு எண்களை வைத்துக்கொண்டு ‘எல்லாம் ஏறக்குறைய ஒன்றுதான்’ என்றும் காட்டலாம், ‘மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்’ என்றும் காட்டலாம். அதற்கு ஓர் எண்ணைக்கூட மாற்ற வேண்டாம், ஓரத்து எண்கள் நிற்கும் கோட்டை, அதாவது அச்சை மாற்றினால் போதும்.

படித்துத் தெரிந்துகொள்வதைவிட இதைக் கையால் செய்து பார்ப்பது நல்லது. வரைபடத்தாள், பென்சில், அளவுகோல் இருந்தால் ஒரு மணி நேரத்துக்குள் விஷயம் பிடிபட்டுவிடும். விரிதாளிலும் செய்யலாம். ஆனால் முதல் முறை தாளில் வரையுங்கள் என்பேன். விரிதாள் பல முடிவுகளை நம்மைக் கேட்காமலே எடுத்துவிடும். தாளில் ஒவ்வொரு முடிவையும் நாமே எடுத்தாக வேண்டும்.

முதலில் எண்கள்

உலகின் மிக உயரமான நான்கு சிகரங்களை எடுத்துக்கொள்வோம். எவரெஸ்ட் 8,849 மீட்டர், கே2 8,611 மீட்டர், கஞ்சன்ஜங்கா 8,586 மீட்டர், லோட்சே 8,516 மீட்டர். எவரெஸ்டின் உயரம் 8,848.86 மீட்டர் என்று 2020 டிசம்பரில் நேபாளமும் சீனாவும் சேர்ந்து அறிவித்தன. கணக்குக்கு வசதியாக அதை முழு எண்ணாக்கியிருக்கிறேன்.

இந்த எண்களைத் தேர்ந்தெடுக்கக் காரணம் உண்டு. நான்குமே பெரிய எண்கள், ஒன்றுக்கொன்று மிக நெருக்கமானவை. முதலாவதுக்கும் நான்காவதுக்கும் இடையே 333 மீட்டர்தான் வித்தியாசம், அதாவது 4 சதவீதத்துக்கும் கீழே. இப்படி நெருக்கமான பெரிய எண்கள் வரும்போதுதான் அச்சில் கைவைக்கும் ஆசை எல்லோருக்கும் வருகிறது. 5, 20, 60 என்று எண்கள் இருந்தால் யாரும் அச்சை வெட்ட நினைப்பதில்லை.

படி 1: பூஜ்ஜியத்திலிருந்து வரையுங்கள்

அளவுத்திட்டம்: செங்குத்து அச்சில் 1 செ.மீ. = 1,000 மீட்டர். அடிக்கோட்டில் 0 என்று எழுதி, மேலே 9,000 வரை குறித்துக்கொள்ளுங்கள். எவரெஸ்டுக்கு 8.85 செ.மீ. பட்டை, கே2வுக்கு 8.61, கஞ்சன்ஜங்காவுக்கு 8.59, லோட்சேக்கு 8.52.

வரைந்து முடித்ததும் தாளை ஒரு கை தூரத்தில் பிடித்துப் பாருங்கள். நான்கும் கிட்டத்தட்ட ஒரே உயரம். எவரெஸ்ட் மட்டும் இரண்டு மூன்று மில்லிமீட்டர் தலைதூக்கி நிற்கும். கே2வையும் கஞ்சன்ஜங்காவையும் பிரித்துச் சொல்வது கடினம். ‘இதில் என்ன தெரிகிறது, ஒன்றுமே தெரியவில்லையே’ என்று தோன்றும். இங்கேதான் நிதானிக்க வேண்டும். இந்தப் படம் ஒரு முக்கியமான செய்தியைச் சொல்கிறது: இந்த நான்கு சிகரங்களும் உயரத்தில் ஏறக்குறைய சமம். அது உண்மையும்கூட.

படி 2: அளவுத்திட்டத்தை மட்டும் மாற்றுங்கள்

தொடக்கம் பூஜ்ஜியமாகவே இருக்கட்டும். இப்போது 1 செ.மீ. = 2,000 மீட்டர் என்று வைத்து வரையுங்கள். எல்லாப் பட்டைகளும் பாதியாகக் குறுகும்: எவரெஸ்ட் 4.42, லோட்சே 4.26. வித்தியாசம் ஒன்றரை மில்லிமீட்டரை ஒட்டி வந்துவிட்டது. அப்புறம் 1 செ.மீ. = 500 மீட்டர் என்று வையுங்கள். எவரெஸ்ட் 17.7 செ.மீ., லோட்சே 17 செ.மீ. வித்தியாசம் ஏழு மில்லிமீட்டர்.

படம் பெரிதாகிறது, சிறிதாகிறது. ஆனால் ஒன்று மட்டும் மாறவில்லை. எந்தப் படத்திலும் எவரெஸ்ட் பட்டையை லோட்சே பட்டையால் வகுத்தால் 1.04தான் வரும். எண்களுக்கு இடையே உள்ள விகிதமும் பட்டைகளுக்கு இடையே உள்ள விகிதமும் ஒன்றாகவே இருக்கின்றன. அளவுத்திட்டத்தை மாற்றினால் பட்டைகள் எல்லாம் ஒரே விகிதத்தில் நீளும் அல்லது சுருங்கும், ஒப்பீடு கெடாது. பள்ளிக்கூடக் கணக்கில் ‘அளவுத்திட்டத்தை 10இலிருந்து 5ஆக மாற்றினால் வரைபடம் எப்படி மாறும்?’ என்று கேட்டால் இதுதான் விடை: ஒவ்வொரு பட்டையும் இரண்டு மடங்கு உயரும், அவற்றின் விகிதம் மாறாது.

இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளும் இன்னொரு விஷயம், குறியீட்டு இடைவெளி. அச்சில் 1,000, 2,000, 3,000 என்று எழுதுவதற்குப் பதிலாக 500, 1,000, 1,500 என்று நெருக்கமாக எழுதினால் பட்டை அசையாது. குறுக்குக் கோடுகள் மட்டும்தான் கூடும். ஆனால் இடைவெளிகள் சமமாக இருந்தே ஆக வேண்டும். 0, 100, 200, 500, 1,000 என்ற எண்களைச் சம தூரத்தில் எழுதிவிட்டால் அந்த அச்சே தவறு. கையால் வரைபவர்களிடம் அடிக்கடி காணும் பிழை இது. கடைசிப் பட்டை தாளுக்குள் அடங்காமல் போகும்போது, இடம் பண்ணுவதற்காகத் தெரியாமலே இப்படிச் செய்துவிடுகிறார்கள்.

படி 3: அடியை வெட்டுங்கள்

இப்போது வேறொரு மாற்றம். அச்சின் அடியில் 0 என்பதை அழித்துவிட்டு 8,000 என்று எழுதுங்கள். 1 செ.மீ. = 100 மீட்டர். எவரெஸ்ட் 8.49 செ.மீ., கே2 6.11, கஞ்சன்ஜங்கா 5.86, லோட்சே 5.16. எண்களைப் பார்க்காத ஒருவர் எவரெஸ்ட் லோட்சேயைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல் உயரம் என்றுதான் எடுத்துக்கொள்வார்.

இன்னும் ஏற்றுவோம். தொடக்கம் 8,500, அளவுத்திட்டம் 1 செ.மீ. = 50 மீட்டர். எவரெஸ்ட் 7 செ.மீ., கே2 2.2, கஞ்சன்ஜங்கா 1.7, லோட்சே 3 மில்லிமீட்டர். எவரெஸ்ட் பட்டை லோட்சேயைப் போல ஏறத்தாழ 22 மடங்கு. லோட்சே உலகின் நான்காவது உயரமான சிகரம், அது இந்தப் படத்தில் ஒரு வரப்பு மாதிரி கிடக்கிறது. 8,516இலிருந்து தொடங்கினால் அதுவும் இருக்காது, பட்டையே காணாமல் போய்விடும்.

மூன்று படங்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எண்கள் ஒன்றே. பட்டைகளின் தலை எந்த இடத்தில் நிற்க வேண்டுமோ அங்கேதான் நிற்கிறது, அச்சில் எழுதியிருக்கும் எண்ணும் சரியாகத்தான் இருக்கிறது. அப்படியானால் எது கெட்டது? நீளம். பட்டை என்பது ஓர் எண்ணை நீளமாக மாற்றிக் காட்டும் வழி. எண் இரு மடங்கானால் நீளமும் இரு மடங்காக வேண்டும். அடியை வெட்டும்போது ஒவ்வொரு பட்டையிலிருந்தும் ஒரே அளவு துண்டை எடுத்துவிடுகிறோம். அந்தத் துண்டு போனதும் மிச்சமிருக்கும் நீளத்துக்கும் எண்ணுக்கும் சம்பந்தம் அறுந்துபோகிறது.

கண் எதை எவ்வளவு துல்லியமாக அளக்கிறது என்று கிளீவ்லாந்து, மெக்கில் என்ற இரண்டு புள்ளியியலாளர்கள் 1984இல் சோதனைகள் செய்து எழுதினார்கள். ஒரே அச்சில் உள்ள இடத்தை ஒப்பிடுவதில் கண் மிகத் திறமையானது, அடுத்து நீளம். கோணமும் பரப்பும் அதற்கும் பின்னால்தான். பட்டை வரைபடம் எடுபடுவதற்குக் காரணமே அது கண்ணின் இந்தத் திறமையைப் பயன்படுத்திக்கொள்வதுதான். அதே காரணத்தால்தான் வெட்டிய பட்டை அவ்வளவு பலமாக ஏமாற்றுகிறது. அச்சில் 8,500 என்று எழுதியிருப்பதைப் படித்த பிறகும் கண் நீளத்தையே நம்பும். வெட்டிய அச்சைப் பற்றி முன்கூட்டியே விளக்கி எச்சரித்த பிறகும் பார்வையாளர்கள் தவறாகவே மதிப்பிட்டார்கள், எச்சரிக்கை பிழையைக் குறைத்ததே தவிர நீக்கவில்லை என்று 2021இல் ஓர் ஆய்வு வெளியானது. ஆகவே ‘அச்சில் எண் எழுதியிருக்கிறேனே, பார்த்துக்கொள்ள வேண்டியது வாசகர் பொறுப்பு’ என்ற வாதத்தை நான் ஏற்க மாட்டேன்.

எவ்வளவு கெட்டது என்று கணக்கிடுவது

படத்தில் தெரியும் வித்தியாசத்தை எண்ணில் உள்ள வித்தியாசத்தால் வகுத்தால் எத்தனை மடங்கு ஊதியிருக்கிறது என்று தெரிந்துவிடும். அமெரிக்கப் புள்ளியியலாளர் எட்வர்ட் டஃப்டி 1983இல் இதற்குப் ‘பொய்க் காரணி’ என்ற பொருளில் ஒரு பெயரும் வைத்தார். அது 1ஐ ஒட்டி இருந்தால் படம் நேர்மையானது.

நம் சிகரங்களுக்குப் போட்டுப் பார்ப்போம். எவரெஸ்ட் லோட்சேயைவிட உண்மையில் 3.9 சதவீதம் அதிகம். 8,000இலிருந்து வரைந்த படத்தில் 64.5 சதவீதம் அதிகமாகத் தெரிகிறது. வகுத்தால் 16.5. அதாவது வித்தியாசத்தை 16 மடங்குக்கும் மேல் ஊதிக் காட்டியிருக்கிறோம். 8,500இலிருந்து வரைந்த படத்தில் இது 532 மடங்கு.

மனக்கணக்காகப் போட ஒரு குறுக்குவழி உண்டு. சின்னப் பட்டையின் உண்மை எண்ணை, வெட்டிய பிறகு அதில் மிச்சமிருக்கும் எண்ணால் வகுங்கள். 8,516ஐ 516ஆல் வகுத்தால் 16.5. 8,516ஐ 16ஆல் வகுத்தால் 532. அவ்வளவுதான். எந்த வரைபடத்தைப் பார்த்தாலும் ஐந்து விநாடியில் போட்டுவிடலாம். இந்தக் கணக்கிலிருந்து இன்னொன்றும் புரியும்: அச்சின் தொடக்கம் சின்ன எண்ணை நெருங்க நெருங்கப் பொய் தாறுமாறாக எகிறும். கொஞ்சம் வெட்டினால் கொஞ்சம் பொய் என்று அது சீராக வளர்வதில்லை.

படி 4: இதையே விரிதாளில் செய்யுங்கள்

நான்கு எண்களையும் எக்ஸெலில் போட்டு, ‘காலம் சார்ட்’ (Column Chart, அதாவது நின்ற பட்டை வரைபடம்) செருகிப் பாருங்கள். நீங்கள் எதுவும் சொல்லாமலே அச்சு 8,300 போன்ற ஓர் எண்ணிலிருந்து தொடங்கும் (படத்தின் அளவைப் பொறுத்து இது சற்று மாறலாம்). எவரெஸ்ட் லோட்சேயைவிட இரண்டு மடங்குக்கும் மேல் தெரியும். யாரும் ஏமாற்ற நினைக்கவில்லை, மென்பொருளே அப்படிச் செய்துவிட்டது.

இதற்குப் பின்னால் ஒரு விதி இருக்கிறது. எண்கள் எல்லாம் பூஜ்ஜியத்துக்கு மேலே இருக்கும்போது, மிகப் பெரிய எண்ணுக்கும் மிகச் சிறிய எண்ணுக்கும் உள்ள வித்தியாசம் பெரிய எண்ணில் ஆறில் ஒரு பங்கைத் தாண்டினால், அதாவது 16.67 சதவீதத்தைத் தாண்டினால், எக்ஸெல் அச்சைப் பூஜ்ஜியத்தில் தொடங்கும். தாண்டாவிட்டால் அடியை வெட்டிவிடும். இதன் விளைவு என்னவென்று யோசித்துப் பாருங்கள். 100, 83 என்ற இரண்டு எண்களுக்கு அச்சு பூஜ்ஜியத்திலிருந்து வரும். அடுத்த மாதம் 83 என்பது 84 ஆனால் வித்தியாசம் 16 சதவீதமாகக் குறைகிறது, உடனே அச்சு வெட்டப்படுகிறது. எண்கள் நெருங்கி வந்திருக்கின்றன, படத்திலோ இடைவெளி திடீரென்று விரிந்து நிற்கும். மாதாமாதம் ஒரே அறிக்கையைப் புதுப்பிப்பவர்கள் இந்த ஒரு விஷயத்தையாவது மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். தானியங்கி அச்சை நம்பி விட்டால், போன மாதப் படத்தையும் இந்த மாதப் படத்தையும் பக்கத்தில் வைத்து எதையும் பேச முடியாது.

சரி செய்வது எளிது. எக்ஸெலில் செங்குத்து அச்சின் எண்கள் மேல் வலது சொடுக்கு செய்து ‘ஃபார்மட் ஆக்சிஸ்’ தேர்ந்தெடுங்கள். ‘பவுண்ட்ஸ்’ என்ற தலைப்பின் கீழ் ‘மினிமம்’ இருக்கும். அங்கே ஏற்கெனவே 0 தெரிந்தாலும் நீங்களே ஒருமுறை 0 என்று தட்டச்சு செய்துவிடுங்கள். பக்கத்தில் ‘ஆட்டோ’ என்று இருந்தது ‘ரீசெட்’ என்று மாறினால் அச்சு பூட்டப்பட்டுவிட்டது என்று அர்த்தம். கூகுள் ஷீட்ஸில் படத்தை இரட்டைச் சொடுக்கினால் பக்கவாட்டில் திருத்தும் பலகை திறக்கும். அதில் ‘கஸ்டமைஸ்’, பிறகு ‘வெர்ட்டிகல் ஆக்சிஸ்’, அங்கே ‘மின்’ பெட்டியில் 0. லிப்ரே ஆபிஸ் கால்க்கில் படத்தை இரட்டைச் சொடுக்கி, பிறகு அச்சை இரட்டைச் சொடுக்கி, ‘ஸ்கேல்’ தாவலில் ‘மினிமம்’ எதிரே உள்ள ‘ஆட்டோமேட்டிக்’ குறியை எடுத்துவிட்டு 0 போடுங்கள்.

நிரல் எழுதி வரைபவர்களுக்கு ஒரு வார்த்தை. பைத்தானின் மேட்பிளாட்லிப் பட்டைகளைப் பூஜ்ஜியத்திலிருந்தே வரையும், நாமாக மாற்றினால்தான் உண்டு. ஆர் மொழியின் ஜிஜிபிளாட்2இல் அளவுத்திட்டத்தின் எல்லையை 8,000இலிருந்து 9,000 என்று கொடுத்தால் பட்டைகளே மறைந்துவிடும். பட்டை 0இலிருந்து தொடங்குகிறது, 0 எல்லைக்கு வெளியே இருக்கிறது, ஆகவே அதைத் தூக்கி எறிந்துவிடுகிறது. புதியவர்கள் திகைத்துப் போகும் இடம் இது. என் பார்வையில் அது நல்ல நடத்தைதான், பட்டைக்கு அடி வேண்டும் என்று அந்த மென்பொருள் நினைவுபடுத்துகிறது.

மேல் எல்லையை உயர்த்தினால்?

அடியைப் பற்றியே பேசுகிறோம், தலைப்பக்கமும் ஒரு விஷயம் உண்டு. அச்சு 0இலிருந்து 9,000 வரை போகாமல் 30,000 வரை போகட்டும், படத்தின் உயரம் அதே 9 செ.மீ. இருக்கட்டும். பட்டைகள் படத்தின் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே அடங்கிவிடும். 333 மீட்டர் வித்தியாசம் வெறும் ஒரு மில்லிமீட்டர். விகிதம் கெடவில்லை, பொய்க் காரணி 1தான். ஆனாலும் பார்ப்பவர் ‘எல்லாமே குறைவு, எல்லாமே சமம்’ என்ற எண்ணத்தோடு போவார். பொய் சொல்லவில்லை, ஆனால் உண்மையை அமுக்கி வைத்திருக்கிறோம். மேல் எல்லை பெரிய எண்ணுக்குச் சற்று மேலே முடிவதே நல்லது.

சதவீதம் என்றால் 100 வரை போயே ஆக வேண்டும் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. 3, 4, 5 சதவீதங்களை ஒப்பிடும்போது 6இல் முடித்தால் தவறே இல்லை. அடி பூஜ்ஜியமாக இருக்கும்வரை 5 என்பது 3இன் ஒன்றே முக்கால் மடங்குக்குச் சற்றுக் குறைவு என்ற உண்மை அப்படியே தெரியும். முழுமையில் எவ்வளவு பங்கு என்பதுதான் கேள்வி என்றால் மட்டும் 100 வரை போகலாம்.

ஒன்றுக்கு மேற்பட்ட படங்களை வரிசையாக வைத்தால் மேல் எல்லைக்கு இன்னொரு கடமை சேர்கிறது. இரண்டு படங்களுக்கும் அது ஒன்றாக இருக்க வேண்டும். முதல் படம் 50 வரை, இரண்டாம் படம் 500 வரை என்று மென்பொருள் தன்பாட்டுக்கு வைத்துவிட்டால், 40ஐக் காட்டும் பட்டையும் 400ஐக் காட்டும் பட்டையும் ஒரே உயரத்தில் நிற்கும். ஒவ்வொரு படமும் தனித்தனியே நேர்மையானது, சேர்த்து வைத்ததும் தவறாகிவிடுகிறது. இடப்பக்கம் ஓர் அச்சு, வலப்பக்கம் வேறோர் அச்சு என்று ஒரே படத்தில் இரண்டு வகைப் பட்டைகளை நிறுத்துவதும் இதே சிக்கல்தான். எந்த வகைப் பட்டை உயரமாக இருக்க வேண்டும் என்பதை வரைபவரின் விருப்பம் தீர்மானிக்கிறது. அதைத் தவிர்த்து இரண்டு படங்களாகவே வரைந்துவிடுங்கள்.

எல்லா அச்சுக்கும் இந்த விதியா?

இல்லை. நீளம் எந்த அச்சில் அளக்கப்படுகிறதோ அந்த அச்சுக்கு மட்டும்தான் பூஜ்ஜிய விதி. நின்ற பட்டை என்றால் செங்குத்து அச்சு, படுத்த பட்டை என்றால் கிடைமட்ட அச்சு. மற்ற அச்சு எங்கே வேண்டுமானாலும் தொடங்கலாம். மாணவர்களின் உயரத்துக்கு நிகழ்வுச் செவ்வகம் வரையும்போது கிடைமட்ட அச்சில், இடையில் எண்களை விட்டிருக்கிறோம் என்று காட்டும் சின்ன வளைகோடு போட்டு 140 செ.மீ. என்று தொடங்குகிறோமே, அதில் தப்பேதும் இல்லை. அங்கே பட்டைகள் இருக்கும் இடம்தான் நகர்கிறது, அவற்றின் உயரம் மாறுவதில்லை. அதே வளைகோட்டைச் செங்குத்து அச்சில் போட்டால் கதை வேறு. ‘வெட்டியிருக்கிறேன்’ என்று ஒத்துக்கொள்வதாக அது அமையும், வெட்டியதால் வந்த கெடுதலை அது சரிசெய்யாது.

கோட்டு வரைபடத்துக்கும் புள்ளிப் படத்துக்கும்கூட இந்தக் கட்டாயம் இல்லை. அவற்றில் நாம் நீளத்தைப் பார்ப்பதில்லை, புள்ளி எங்கே நிற்கிறது, கோடு எப்படிச் சாய்கிறது என்றுதான் பார்க்கிறோம். உடல் வெப்பநிலையைக் கோட்டு வரைபடமாக 0இலிருந்து வரைந்தால் காய்ச்சலே தெரியாது.

அந்த வெப்பநிலையையே பட்டையாக வரையலாமா? இங்கே இன்னும் ஆழமான சிக்கல் ஒன்று இருக்கிறது. 10 டிகிரி செல்சியஸ், 20 டிகிரி செல்சியஸ் என்ற இரண்டு நாட்களைப் பூஜ்ஜியத்திலிருந்து பட்டையாக வரையுங்கள். இரண்டாவது இரு மடங்கு. அதே நாட்களை ஃபாரன்ஹீட்டில் வரைந்தால் 50, 68, இரண்டாவது 1.36 மடங்கு. கெல்வினில் 283, 293, கிட்டத்தட்டச் சமம். மூன்றிலும் அச்சு பூஜ்ஜியத்தில்தான் தொடங்குகிறது, மூன்றும் மூன்று கதை சொல்கின்றன. காரணம், செல்சியஸின் பூஜ்ஜியம் ‘வெப்பமே இல்லை’ என்று பொருள்படாது, அது நீர் உறையும் இடத்துக்கு நாம் வைத்த பெயர். பூஜ்ஜியம் என்றால் ‘ஒன்றுமே இல்லை’ என்று பொருள்படும் அளவுகளுக்குத்தான் பட்டை பொருந்தும்: எண்ணிக்கை, நீளம், எடை, பணம், நேரம். வெப்பநிலை, ஆண்டு, தரவரிசை போன்றவற்றுக்குப் புள்ளி வையுங்கள்.

எதிர்ம எண்கள் வந்தால் பூஜ்ஜியக் கோடு நடுவில் ஓடும், நேர்ம எண்கள் மேலே, எதிர்ம எண்கள் கீழே. இரண்டு அச்சுகளும் எங்கே வெட்டிக்கொள்கின்றன என்ற அமைப்பை விரிதாளில் மாற்றி, எல்லாப் பட்டைகளையும் கீழ்க்கோட்டிலிருந்து எழுப்பிவிடாதீர்கள். அப்படிச் செய்தால் 15 நஷ்டம்கூட மேல்நோக்கி வளர்ந்த பட்டையாக, லாபம் போலத் தெரியும்.

மடக்கை அளவுத்திட்டம்

இதுவரை நெருக்கமான எண்களைப் பார்த்தோம். எதிர்முனையில் வேறொரு தொல்லை. கோள்களின் விட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். புதன் 4,879 கி.மீ., செவ்வாய் 6,792, வெள்ளி 12,104, பூமி 12,756, வியாழன் 1,42,984. ஒரு செ.மீ.க்கு 10,000 கி.மீ. என்று வரைந்தால் வியாழன் 14.3 செ.மீ. உயர்ந்து நிற்கும், புதன் அரை செ.மீ.கூட இருக்காது. ‘சின்னவை தெரியவில்லை’ என்று பலர் மடக்கை அளவுத்திட்டத்துக்குப் போகிறார்கள். அதில் ஒவ்வொரு படியும் முந்தையதைப் போலப் பத்து மடங்கு: 1, 10, 100, 1,000.

மடக்கை அச்சில் பூஜ்ஜியம் என்ற இடமே கிடையாது. எவ்வளவு கீழே போனாலும் 0.1, 0.01 என்று போய்க்கொண்டே இருக்கும். அப்படியானால் பட்டையின் அடி எங்கே? வரைபவர் வைத்த இடத்தில். 1,000 கி.மீ.யில் அடியை வைத்தால் வியாழன் பட்டை புதன் பட்டையைப் போல 3.1 மடங்கு. 1 கி.மீ.யில் வைத்தால் 1.4 மடங்கு. உண்மையில் வியாழனின் விட்டம் புதனைப் போல 29 மடங்கு. மடக்கை அச்சில் பட்டையின் நீளத்துக்கு அர்த்தமே இல்லை என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. மடக்கை அச்சு கெட்டதல்ல, பெருக்கல் வளர்ச்சியைக் காட்ட அதைப்போல வேறு ஏது? ஆனால் அங்கேயும் புள்ளிதான் வேண்டும்.

கோள்களைப் பொறுத்தவரை என் யோசனை, பூஜ்ஜியத்திலிருந்தே வரைந்து விட்டுவிடுங்கள். வியாழன் எல்லாவற்றையும் சின்னதாக்கிவிடுகிறது என்பதுதானே அந்த எண்களில் உள்ள செய்தி? பாறைக் கோள்களை மட்டும் ஒப்பிட வேண்டுமானால் வியாழன் இல்லாமல் இன்னொரு படம் வரையலாம்.

சின்ன வித்தியாசத்தைத்தான் காட்ட வேண்டும் என்றால்

இது நியாயமான தேவை. நான்கு சிகரங்களுக்கு இடையே உள்ள வித்தியாசமே உங்கள் பேச்சின் மையம் என்றால் பூஜ்ஜியத்திலிருந்து வரைந்த படம் உதவாது. அதற்காக அச்சை வெட்ட வேண்டாம். இரண்டு நல்ல வழிகள் இருக்கின்றன.

முதல் வழி, புள்ளிப் படம். ஒவ்வொரு சிகரத்துக்கும் ஒரு வரி, உயரம் வரும் இடத்தில் ஒரு புள்ளி. அச்சு 8,400இலிருந்து 8,900 வரை போகலாம். யாரும் ஏமாற மாட்டார்கள், அங்கே ஒப்பிட நீளம் என்று எதுவும் இல்லை.

இரண்டாவது வழி எனக்கு மிகவும் பிடித்தது: வித்தியாசத்தையே எண்ணாக எடுத்து வரைவது. ‘லோட்சேயைவிட எத்தனை மீட்டர் உயரம்?’ என்று தலைப்பு வைத்து, எவரெஸ்ட் 333, கே2 95, கஞ்சன்ஜங்கா 70 என்று பூஜ்ஜியத்திலிருந்து மூன்று பட்டைகள் போடுங்கள். இப்போது எவரெஸ்ட் பட்டை கே2வின் மூன்றரை மடங்கு, அது உண்மையும்கூட, ஏனென்றால் நாம் பேசுவது உயரத்தைப் பற்றி அல்ல, கூடுதலைப் பற்றி. தலைப்பில் அது தெளிவாக இருக்க வேண்டும். தலைப்பை மறந்துவிட்டால் பழைய பொய்க்கே திரும்பிவிடுவோம்.

முதன்முதலில் பட்டை வரைபடத்தை அச்சிட்டவர் வில்லியம் பிளேஃபேர், 1786இல். 1780 கிறிஸ்துமஸிலிருந்து 1781 கிறிஸ்துமஸ் வரை ஸ்காட்லாந்து 17 இடங்களோடு நடத்திய ஏற்றுமதி, இறக்குமதியைப் படுத்த பட்டைகளாகக் காட்டினார். ஒவ்வொரு பிரிவும் பத்தாயிரம் பவுண்டு என்றும், எந்தப் பட்டை ஏற்றுமதி, எது இறக்குமதி என்றும் படத்தின் அடியிலேயே எழுதி வைத்தார். அளவுத்திட்டத்தைப் படத்திலேயே எழுதும் அந்தப் பழக்கத்தை நாமும் விடக்கூடாது. அச்சில் எண் இருந்தால் போதாது, அது மீட்டரா, கோடியா, சதவீதமா என்பதும் வேண்டும்.

பிறர் வரைந்த படத்தைப் படிக்கும்போது

முதலில் பட்டைகளைப் பார்க்காமல் அச்சைப் பாருங்கள். அடியில் என்ன எண்? அச்சே இல்லாமல் பட்டையின் தலையில் மட்டும் எண் எழுதியிருந்தால் சந்தேகப்படலாம். அடுத்து, குறியீடுகள் சமமாக ஏறுகின்றனவா என்று பாருங்கள். கிடைமட்ட அச்சில் ஆண்டுகள் இருந்தால் அங்கேயும் கண் போகட்டும். 2000, 2010, 2015, 2016 என்பவை ஒரே இடைவெளியில் நின்றால் பத்தாண்டு மாற்றமும் ஓராண்டு மாற்றமும் ஒரே வேகத்தில் நடந்ததாகத் தோன்றும். பட்டைகள் முப்பரிமாணத்தில் இருந்தால், தலை எங்கே முடிகிறது என்பதே சர்ச்சைக்குரியது. எண்களை மட்டும் படித்துக்கொண்டு மேலே போங்கள்.

அப்புறம் அளவுகோலை எடுங்கள். திரையின் மேலேயே வைத்து இரண்டு பட்டைகளை அளக்கலாம். ஒன்று 9 செ.மீ., இன்னொன்று 3 செ.மீ. என்றால் எண்களும் மூன்று மடங்கு வித்தியாசத்தில் இருக்க வேண்டும். 60, 54 என்று எழுதியிருந்தால் படம் வெட்டப்பட்டது. எங்கே வெட்டினார்கள் என்றுகூடக் கண்டுபிடிக்கலாம்: 6 செ.மீ. வித்தியாசம் 6 அலகைக் காட்டுகிறது, ஆக 1 செ.மீ. = 1 அலகு, 3 செ.மீ. பட்டையின் தலை 54, எனவே அடி 51. இப்போது அந்த இரண்டு எண்களையும் ஒரு விரிதாளில் போட்டு, ‘மினிமம்’ பெட்டியில் 0 தட்டி, நீங்களே ஒரு படம் வரைந்து பழைய படத்துக்குப் பக்கத்தில் வையுங்கள். யாரிடமாவது அதைப் பற்றிப் பேச வேண்டியிருந்தால் வாதாட வேண்டியதே இல்லை, இரண்டு படங்களையும் காட்டினால் போதும்.